எனக்காக நேர்ந்துவிட்ட கிடா

உச்சி வெயில். கஞ்சி போட்டு விறைத்திருந்த காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் லத்தி. எனக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு ஒரு கருப்புக் கிடா. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் மாமியார்.

கிடா மாலையை எட்டிக் கடிக்கப் பார்த்தது. மாமியார் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. “இன்னும் சற்று நேரத்தில், அரசுத் தடையை மீறிக் கிடா வெட்டு நடைபெறும். நம்மைக் கைது செய்ய வந்திருக்கும் காவல்துறை அன்பர்கள் வெயிலில் நிற்காமல் மோர்ப் பந்தலுக்கு வரும்படி விழாக் கமிட்டி சார்பாக அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.”

அந்தக் குரல் என் வீட்டுக்காரருடையது. ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆக, சட்டத்தை மீறப் போகிறவர் என் மாமியார். அதை ஊருக்கு அறிவிக்கிறவர் என் கணவர். பிடிக்க வந்திருப்பவள் நான். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி யாராவது முகத்தைச் சுளித்து ஒரு வரி எழுதினால் போதும், காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிடாவை நேர்ந்துவிட்டதே எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்றுதான்.

பீடிக் கணக்கு

முக்கூடலில் இறங்கி ஆற்றை ஒட்டி உள்ளே போனால் செங்கரைக்குளம். நான் வாழ்க்கைப்பட்ட ஊர். மாமியார் பெயர் சண்முகத்தாய். பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றுவார். வாயும் கையும் ஒன்றோடொன்று போட்டி போடும்.

போலீஸுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னை எழுதிப்போடச் சொன்னது அவர்தான். என் வீட்டுக்காரர் இழுத்தார். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா அந்த வேல?”

“அவ நெஞ்ச நிமித்தி நடந்தா ஒனக்கு ஏம்ல வயித்த வலிக்கி?” என்று ஒரே கேள்வியில் மாமியார் அவர் வாயை அடைத்துவிட்டார்.

ஓட்டப் பயிற்சிக்கும் அவர்தான் மாஸ்டர். விடிகாலையில் ஆற்றங்கரைப் பாதையில் என்னை ஓடவிட்டு, மதகுத் திண்டில் சுளகோடு உட்கார்ந்துகொள்வார். கடிகாரம் கிடையாது, பீடிதான் கணக்கு. “அஞ்சு பீடி முடியதுக்குள்ள வந்திரணும்ட்டீ” என்பார். மூச்சு வாங்க வந்து நின்றால் சுளகை நீட்டிக் காட்டுவார். “இன்னா பாரு, ஆறாவது பீடி. இதுக்குள்ள திருடன் பாபநாசம் போயி குளிச்சிட்டே வந்திருப்பான்.”

ஒருவழியாக ஐந்தாவது பீடியை முந்தினேன். தேர்வும் ஆனேன். ஆனால் வேலை உத்தரவு வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துப் பார்த்து நான் அழுவதைப் பொறுக்க முடியாமல், மாமியார் ஒருநாள் நேரே சுடலைமாடன் கோயிலுக்குப் போய் நின்றார். “எம் மருமவ காக்கிச் சட்ட போட்டு வந்து ஒன் முன்னால நின்னா, ஒனக்கு ஒரு கருப்புக் கிடா.”

அன்றே குட்டியும் வாங்கிவிட்டார். அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டு வளர்த்தது நான்தான். உத்தரவு வந்தது. பயிற்சி முடிந்தது. பக்கத்து ஸ்டேஷனிலேயே வேலையும் கிடைத்தது. கிடாவும் வளர்ந்தது. அடுத்த கொடைத் திருவிழாவில் நேர்ச்சையைச் செலுத்த வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அரசின் தடை உத்தரவு வந்தது. கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்ற பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். இனி வெட்டினால் வழக்கு, கைது. இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்த ஆவணி மாதத்தில் எங்கள் பக்கம் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

துண்டு காயும் பலகை

செங்கரைக்குளத்துக்காரர்களைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சட்டத்தின்மேல் அவர்களுக்கு விரோதம் ஒன்றும் இல்லை. தங்களுக்குச் சரி என்று படாததை மட்டும் செய்ய மாட்டார்கள். அதையும் மறைக்க மாட்டார்கள்.

ஊர்ப் படித்துறையில் ஒருமுறை ‘இங்கே குளிக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை’ என்று இரும்புப் பலகை நட்டார்கள். ஊர் தினமும் அங்கேதான் குளித்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டை அந்தப் பலகையிலேயே காயப்போட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பலகை எங்கே என்று கேட்டபோது, ஒரு பெரியவர் அதில் காய்ந்த தன் வேட்டியை மரியாதையாக விலக்கி, “இந்தா இருக்கு சார், படிச்சுக்கோங்க” என்று காட்டினாராம்.

பலகை துருப்பிடித்து விழுந்ததும் ஊரே மனு கொடுத்துப் புதுப் பலகை கேட்டது. துண்டு காயப்போட வேறு வசதி இல்லையே. இப்போது நிற்பது மூன்றாவது பலகை. போன மாதம்கூட அதில் என் பேத்தி முறையுள்ள ஒரு பிள்ளையின் பாவாடை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

சாமக்கொடை பகலுக்கு வந்தது

எங்கள் எஸ்.ஐ. விழுப்புரம் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். சண்டை சச்சரவு இல்லாமல் காரியத்தை முடிக்கப் பார்ப்பார். கொடைக்குச் சில நாட்கள் முன்பு ஊர்த்தலைவரைப் பார்க்க வந்தார். நானும் ஜீப்பில் இருந்தேன்.

சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவது நடுச்சாமத்தில்தான். அது எஸ்.ஐ.க்கும் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே வெட்டுவீங்க? நாங்க பத்து மணிக்கே கெளம்பிடறோம். சத்தம் இல்லாம முடிச்சிக்குங்க. நாங்க எதையும் பாக்கல.”

வேறு ஊராக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊர்த்தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அப்பம் எங்களத் திருடனுவன்னு நெனைச்சிட்டீயளா சார்? நீங்க கண்ண மூடிக்கிடுவீய, நாங்க பம்மிப் பம்மி வெட்டிட்டு ஓடணும், அப்படித்தான? கொட்டடிச்சு செய்யுத காரியம் சார் இது. ஒளிச்சு செஞ்சா, தப்புன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்?”

“உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றேன்.”

“நல்லதுன்னா பகல்ல வாங்க. நாங்களும் பகல்லயே வெட்டுதோம்.”

இப்படித்தான் சாமக்கொடை பகலுக்கு வந்தது. சாமியாடுகிற கோமரத்தாடி மட்டும் தயங்கினார். “வே, அவரு காலங்காலமா நடுச்சாமத்துல வாரவரு. பகல்ல கூப்பிட்டா வருவாரா?” சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வந்தது. சாமிக்குச் சம்மதம்.

மறுநாளே நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். ‘பகல் பன்னிரண்டு மணிக்கு, தடையை மீறிக் கிடா வெட்டு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. வழக்கமாகக் கொடைக்கு ஸ்டேஷனுக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அந்த வருஷமும் அழைத்தார்கள். எஸ்.ஐ. அந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசி வரி: ‘தங்கள் நல்வரவை நாடும், ஊர்ப் பொதுமக்கள்.’

“எத்தினியோ கேஸ் பாத்துட்டேன்மா. குத்தம் பண்றதுக்கு முன்னாடி வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டவங்கள இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

ஆளுக்கொரு டூட்டி

முதல் கிடா யாருடையது என்பதை எஸ்.ஐ.யிடம் நானே சொல்லிவிட்டேன். கொடையன்று ஒருநாள் எனக்கு வேறு எங்காவது டூட்டி போட்டுவிடுங்கள் ஐயா என்று கேட்டேன். பெண்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள், பெண் போலீஸ் இல்லாமல் முடியாது என்றார். “நீ சொன்னா உங்க மாமியார் கேக்க மாட்டாங்களா? பேசிப் பாரேன்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாமியாரின் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

“அத்தை, எஸ்.ஐ. ஐயா ஒங்ககிட்ட பேசச் சொன்னாவ.”

“பேசு.”

“இந்த வருசம் வேண்டாம். அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம்.”

“சாமிகிட்ட தவணை கேக்கச் சொல்லுதியா? அவரு ஒனக்கு வேலையத் தவணையிலயா குடுத்தாரு?”

“ஒங்களப் பிடிக்கச் சொல்லுவாவ அத்தை.”

கத்தரியால் இலையை நறுக்கிக்கொண்டே சொன்னார். “பிடி. ஆனா நீதான் பிடிக்கணும். வேற எவளாவது எங் கையத் தொட்டா அங்கனயே ஒண்ணு விட்டுருவேன்.”

“எனக்கு வேலையே போனாலும் போயிரும்.”

இதைக் கேட்டதும் கத்தரி நின்றது. “அதுக்குத்தாம்ட்டீ வெட்டுதேன். நேர்ந்ததச் செய்யாம விட்டா, குடுத்தத அவரு திருப்பி எடுத்துக்கிடுவாரு. நீ ஒன் டூட்டியப் பாரு. நான் என் டூட்டியப் பாக்கேன்.”

வெட்டினால் அரசாங்கம் என் வேலையை எடுத்துவிடுமோ என்று எனக்குப் பயம். வெட்டாவிட்டால் சாமி எடுத்துவிடுவார் என்று அவருக்குப் பயம். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் காப்பாற்றப் பார்த்தோம்.

குளிக்க வந்த கிடா

கொடை நாளில், நான் முதலில் சொன்ன அந்த உச்சி வெயிலில், எல்லாரும் தயாராக நின்றோம். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் நாங்கள். நையாண்டி மேளம் முழங்கியது. கோமரத்தாடிக்கு அருள் வந்து, அரிவாளோடு ஆடினார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவின்மேல் அரிவாள் படக்கூடாது. நடுச்சாமக் குளிரில் ஒரு செம்புத் தண்ணீருக்கே ஆடு வெடவெடத்துச் சிலுப்பிவிடும்.

பகலில் வைத்துக்கொண்ட வீராப்பில் ஊரில் ஒருவர்கூட வெயிலை யோசிக்கவில்லை.

முதல் குடம் ஊற்றினார்கள். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது குடம். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி முதுகையும் வாகாகக் காட்டியது. அடுத்தடுத்து ஊற்ற ஊற்ற, குற்றாலத்துக்கு வந்தவரைப் போல நின்ற இடத்தில் சுகமாக நின்றது. சிலுப்பவே இல்லை.

“படித்துறையிலிருந்து இன்னும் நாலு குடம் தண்ணீர் கொண்டு வரும்படி இளைஞர் அணியைக் கேட்டுக்கொள்கிறோம்,” என்றார் என் வீட்டுக்காரர். “காவல்துறை அன்பர்கள் சற்றுப் பொறுமை காக்கவும்.”

மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது. சுடுமணலில் கோமரத்தாடி கால் மாற்றிக் கால் மாற்றி ஆடினார். அருளில் ஆடுகிறாரா, சூட்டில் ஆடுகிறாரா என்று தெரியவில்லை. எஸ்.ஐ. இரண்டாவது டம்ளர் மோரை முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, இது எப்பத்தான் சிலுப்பும்?”

“சாமி சொன்னாத்தான் ஐயா.”

“வெட்டுனாத்தானே நான் புடிக்க முடியும்? ஆட்டக் குளிப்பாட்டுறதுக்கு எந்தச் செக்ஷன்ல புடிக்கிறது?”

எங்கள் ஏட்டு ஒருவர், உள்ளூர்க்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு “சிலுப்புல, சிலுப்பித் தொலல” என்று கிடாவிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. என் மாமியாருக்கு மட்டும் இல்லை. அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. சாமி தன் நேர்ச்சையை வேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிட்டார். எதற்கும் கலங்காத அந்த மனுஷி அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

“அவ எங்க?”

கோமரத்தாடி ஆட்டத்தை நிறுத்தினார். மாமியாரை நேராகப் பார்த்தார்.

“யாருக்காக நேர்ந்த?”

“எம் மருமவளுக்கு, சாமி.”

“அவ எங்க?”

மேளம் நின்றது. ஊர் மொத்தமும் போலீஸ் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. எஸ்.ஐ.யும் என்னைப் பார்த்தார். மாமியார் மட்டும் திரும்பவில்லை.

“அவ வரமாட்டா சாமி. டூட்டியில நிக்கா. அவளக் கூப்பிடாத. கொறை என்னன்னாலும் என்னைய எடுத்துக்கோ. அவ சட்டையில மட்டும் கை வச்சிராத.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் வருகிறது. அஞ்சு பீடிக்குள் ஓடி வா என்று என்னை விரட்டியவர், ஊருக்கு நடுவே நின்று சாமியிடம் எனக்காகக் கெஞ்சுகிறார். நான் லத்தியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன்.

“ஐயா, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்று லத்தியை எஸ்.ஐ.யிடம் நீட்டினேன். யோசிப்பதற்குள் அவர் கை அதை வாங்கிவிட்டது. தொப்பியையும் அதன்மேல் வைத்தேன்.

வரிசையை விட்டு இறங்கிப் போய் ஒரு குடத்தைத் தூக்கினேன். குட்டியிலிருந்து என் கையில் வளர்ந்த கிடா, என்னைக் கண்டதும் கழுத்தை நீட்டி முகர்ந்தது. தலையோடு கவிழ்த்தேன். தண்ணீர் காதுக்குள் போயிருக்கலாம். அப்படியானால் சிலுப்பாத ஆடே கிடையாது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கிடா மூக்கிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என்ன என்று பார்க்க என் பின்னாலேயே வந்திருந்த எஸ்.ஐ.யின் வெளுத்துத் தேய்த்த காக்கிச் சட்டை முழுக்க மஞ்சள் தண்ணீர். குலவைச் சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். எங்கள் போலீஸ் வரிசையிலும் நாலைந்து பேர் கை தட்டினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரிவாள் இறங்கியது.

மாமியார் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். “ம், இப்பம் பிடி.”

பிடித்தேன். அவர் என் விரல்களை இறுக்கிக் கோத்துக்கொண்டார். ஊர் பார்க்க வேனில் ஏறும்போது அவர் நடையைப் பார்க்க வேண்டுமே, மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தியம்மாள் தோற்றாள்.

மண்டபத்து விருந்து

பிறகு நடந்தது கைது இல்லை, ஊர்வலம். “என்னையும் ஏத்துங்க” என்று ஆளுக்கு ஆள் வேனில் தொற்றினார்கள். இடம் போதவில்லை என்றதும் மற்றவர்கள் டிராக்டரில் ஏறி, எங்களுக்குப் பின்னாலேயே கைதாக வந்தார்கள். எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து சோறும் கறிக்குழம்பும் அண்டா அண்டாவாக வந்து இறங்கின. சீருடையில் இருக்கிற யாரும் கை வைக்கக் கூடாது என்று எஸ்.ஐ. உத்தரவு போட்டார். அந்த உத்தரவு மண்டபத்தின் பின்கட்டு வரை போய்ச் சேரவில்லை. யார் யார் சாப்பிட்டார்கள் என்பதை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் எல்லாரையும் விட்டுவிட்டோம். சில மாதங்கள் கழித்து அந்தச் சட்டமே போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பு எனக்கு ஒரு கண்டம் காத்திருந்தது.

கதவைச் சாத்திய அதிகாரி

மறுநாள் பேப்பரில் படம் வந்துவிட்டது. குடத்தோடு நான், சிலுப்பும் கிடா, பின்னால் என் லத்தியையும் தொப்பியையும் ஏந்திக்கொண்டு நனைந்து நிற்கும் எஸ்.ஐ. எங்கள் இருவரையும் பாளையங்கோட்டையில் மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

டவுன் பஸ்ஸில் மாமியாரும் கூடவே வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அலுவலக வாசலில் வாகை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே பெரிய அதிகாரியின் மேஜையில் அந்தப் பேப்பர் விரித்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. எழுதிவைத்துப் படிப்பதுபோலப் பேசினார்.

“கூட்ட நெரிசலில் உன்னை யாரோ தள்ளியிருக்கிறார்கள். விழாமல் இருக்கக் குடத்தைப் பிடித்திருக்கிறாய். தண்ணீர் தானாகக் கொட்டிவிட்டது. அப்படித்தானே?”

எஸ்.ஐ. என்னைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினார். ‘ஆமாம்’ என்று ஒரு சொல். அதோடு முடிந்துவிடும். அதிகாரி எனக்குத் தப்பிக்க வழி திறந்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தும்விட்டது.

ஜன்னல் வழியாக மாமியார் தெரிந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். “எம் மருமவ உள்ள போலீசா இருக்கா” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஊர் முழுக்கப் பட்டப்பகலில், மைக் போட்டுச் சொல்லிச் செய்ததை, நான் ஒருத்தி மட்டும் எப்படி மறைக்க?

“இல்லைங்க ஐயா. என்னைய யாரும் தள்ளல. நானாத்தான் போயி ஊத்தினேன். அது எனக்காக நேர்ந்த கிடா. இந்த வேலைக்காக நேர்ந்தது.”

எஸ்.ஐ. கண்ணை மூடிக்கொண்டார். சட்டையின் முதல் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதைக் கழற்றச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

அதிகாரி எழுந்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“சிலுப்புச்சா?”

“ஐயா?”

“கிடாம்மா. நீ ஊத்துனதும் சிலுப்புச்சா?”

“ஒரே குடத்துல, ஐயா.”

அவர் பேப்பரை நாலாக மடித்து மேஜை டிராயருக்குள் தள்ளினார்.

“பொறவென்ன? சாமியே ஒன்னைய ஒத்துக்கிட்டாரு. இதுல நான் என்னத்த எழுத? போம்மா, போயி வேலையப் பாரு.”